சாட்சி சொல்லும் இடம்

கல்யாணம் என்றால் நாம் பார்க்காத பொருத்தம் இல்லை. நட்சத்திரம் பார்க்கிறோம், ராசி பார்க்கிறோம், குலம் கோத்திரம் பார்க்கிறோம், பையனின் சம்பளம் பார்க்கிறோம், பெண்ணின் நிறம்கூடப் பார்க்கிறோம். நாள் குறிக்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். இடத்துக்கு மட்டும் நம் முன்னோர்கள் ஒரு பொருத்தமும் வகுத்து வைக்கவில்லை. காரணம் எளியது. அவர்களுக்கு இடம் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. பெண் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டால் அதுதான் கல்யாண இடம். சில குடும்பங்களில் மாப்பிள்ளை வீடு. நேர்த்திக்கடன் இருந்தால் குலதெய்வத்தின் கோயில். முற்றம் போதவில்லை என்றால் தெருவையே அடைத்துப் பந்தல் போட்டார்கள். தெருவும் குறை சொன்னதில்லை. அடுத்த முகூர்த்தத்தில் அதே தெருவை இன்னொரு வீட்டுக்காரர் அடைக்க வேண்டியிருந்ததே!

பிறகு சத்திரம் வந்தது. சத்திரம் மண்டபமாயிற்று, மண்டபம் குளிர்சாதன மண்டபமாயிற்று. இப்போது கடற்கரை விடுதி, மலை பங்களா, பழைய அரண்மனை, கோட்டை என்று எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் நடக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வந்துவிட்டது. சுதந்திரம் வந்தால் அதன் பின்னாலேயே தர்ம நியாயமும் வந்து நிற்கும். வேறு வழியில்லாதவனைப் பார்த்து, 'ஏன் இங்கே?' என்று யாரும் கேட்க முடியாது. நூறு இடங்களில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தவனைக் கேட்கலாம். ஓரிடத்தில் நின்று தாலி கட்டும்போது அந்த இடத்திடமிருந்து நாம் எதை எதிர்பார்க்கிறோம்? அழகையா, பெருமையையா, அல்லது இவை இரண்டுமல்லாத வேறொன்றையா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. நான் குடியிருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலில் இது தெருவில் நடமாடுகிற கேள்வி. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகிறவர்கள் ரயில் ஜன்னல் வழியாக இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் பெருஞ்சாலை. மேற்கே பிரியும் சாலை ஒரகடத்துக்கும் அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கைபேசி என்று உலகத்துக்கு வேண்டிய சாமான்களெல்லாம் அந்தச் சாலையின் இருமருங்கும் உற்பத்தியாகின்றன. அவற்றை உண்டாக்குகிற பிள்ளைகளில் பலர் எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். திண்டிவனத்துப் பையன், சங்கரன்கோவில் பெண், ஒடிசாவிலிருந்து வந்தவன், பீகாரிலிருந்து வந்தவன். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டு இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். இவர்களுக்கு ஊர் ஒன்று, வேலை ஒன்று, மனம் போன இடம் ஒன்று. கல்யாணம் என்று வந்தால் எந்த ஊரில் என்பதே முதல் சிக்கல்.

ஊருக்குப் பெயர் கொடுத்த கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடலாத்ரி நரசிம்மர் பாறையைக் குடைந்த குகையில் இருக்கிறார். மூர்த்தி வேறு, மலை வேறு அல்ல. அதனால் பெருமாளை வலம் வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றிவர வேண்டும். அர்ச்சகர் தீபத்தைக் காட்டி நாமத்தைச் சற்றே விலக்கினால் நெற்றியில் மூன்றாவது கண் தெரியும். உக்கிரமான சாமி. இப்படிக் கோபமாக உட்கார்ந்திருக்கிற தெய்வத்தின் முன்னால் கல்யாணம் செய்துகொள்ள எப்படித்தான் மனம் வருகிறதோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முகூர்த்த நாட்களில் வந்து பார்த்தால் மாலையும் கழுத்துமாக ஜோடிகள் நடமாடுவதைக் காணலாம்.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் பயணம் செய்தால் மாமல்லபுரம். பணம் உள்ளவர்களும், கடன் கிடைக்கக்கூடியவர்களும் இப்போது அந்தப் பக்கம் போகிறார்கள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாக விடுதிகள். மணலில் மேடை, பின்னால் அலை, மாலை வெயில். மறுநாள் காலை கடற்கரைக் கோயிலின் பின்னணியில் மணமக்களின் படம். இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. வாழ்நாளில் ஒரு நாளாவது அழகான இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது பாவமா? பகலெல்லாம் குழல்விளக்கின் கீழே நின்று திருகு முடுக்குகிற பெண்ணுக்கு, தாலி ஏறும்போதாவது தலைக்கு மேலே வானம் இருக்க வேண்டும் என்று தோன்றினால், அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் அழகான பழைய ஊர் என்பது அவ்வளவு எளிய சங்கதியல்ல. சென்ற ஆண்டு ஓர் அன்பர் என்னிடம் சில படங்களைக் காட்டினார். அவருடைய மகள் அமெரிக்காவில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தோழியின் கல்யாணம் கொலம்பியா நாட்டில் கார்த்தஹேனா என்ற ஊரில் நடந்ததாம். கரீபியன் கடலோரத்துப் பட்டணம். கடலைப் பார்த்து நிற்கும் கோட்டை மதில். மஞ்சளும் நீலமுமாக வீடுகள். மாடங்களிலிருந்து வழிகிற காகிதப் பூக்கள். பழைய மாதா கோயில். குதிரை வண்டியில் மணமக்கள். 'சொர்க்கம் மாதிரி இல்லை?' என்றார் அன்பர். சொர்க்கம் மாதிரிதான் இருந்தது.

கார்த்தஹேனாவை 1533-ல் ஸ்பானியர்கள் நிறுவினார்கள். ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கிய பெரிய துறைமுகங்களில் அது ஒன்று. பின்னாளில் குதிரை வண்டிகள் வந்து நின்ற சதுக்கத்தில்தான் அன்று மனிதர்களை நிறுத்தி விலை பேசினார்கள். கல்யாணங்களுக்குப் பேர்போன மாதா கோயில்களில் ஒன்று பீட்டர் கிளேவர் என்ற பாதிரியாரின் பெயரில் இருக்கிறது. கிளேவர் 1610-ல் அந்த ஊருக்கு வந்தவர். அடிமைக் கப்பல் கரை சேர்ந்ததும் உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு ஓடுவார். உடம்பெல்லாம் புண்ணாகி, தாகத்தால் வறண்டு, கப்பலின் அடித்தட்டில் கிடந்தவர்களின் நடுவே போய் உட்காருவார். தம்மை அடிமைகளின் அடிமை என்று சொல்லிக்கொண்டார். 1654-ல் காலமானார். 1888-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய எலும்புகள் அந்தக் கோயிலின் பலிபீடத்தின் அடியிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்னால்தான் மணமக்கள் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள்.

கார்த்தஹேனாவும் நம் மாமல்லபுரமும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது ஒரே ஆண்டில், 1984-ல். பட்டியல் ஓர் ஊரின் கல்லைக் காப்பாற்ற உதவும். அந்தக் கல் எதைக் கண்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அங்கே வருகிறவர்களின் பொறுப்பு.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்த விஷயம் பெரிய விவாதமாகவே ஆயிற்று. அடிமைகளைக் கொண்டு பருத்தி விளைத்த பண்ணை மாளிகைகள் அங்கே கல்யாண இடங்களாயிருக்கின்றன. இரண்டு வரிசை ஓக் மரங்கள், நடுவே பாதை, கோடியில் வெள்ளை மாளிகை. படத்துக்கு அதைவிட எடுப்பான இடம் கிடைக்காது. ரையன் ரேனால்ட்ஸ், பிளேக் லைவ்லி என்ற சினிமா நட்சத்திரங்கள் 2012-ல் அப்படி ஒரு பண்ணையில்தான் மணந்தார்கள். 2020-ல் ரேனால்ட்ஸ் அதற்காகப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த இடத்தைப் பார்த்தபோது கல்யாண இடமாகத் தெரிந்தது என்றும், பின்னால்தான் அது பெருந்துயரத்தின் மேல் எழும்பிய இடம் என்பது உறைத்தது என்றும், சில ஆண்டுகளுக்கு முன்பே தாங்கள் இருவரும் தங்கள் வீட்டில் மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டதாகவும் சொன்னார். வெறும் வார்த்தையால் வருத்தப்படுவதோடு நில்லாமல், வீட்டுக் கூடத்தில் இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றியது எனக்குப் பிடித்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, 'அடடா, வெள்ளைக்காரன் செய்த அக்கிரமம்!' என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. நம் சோழமண்டலக் கரையும் மனிதர்களை விற்ற கரைதான். 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் படையெடுப்பும் பஞ்சமும் ஒருசேர வாட்டியபோது, டச்சுக் கம்பெனி இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. வாங்கியவன் டச்சுக்காரன். விற்றவர்கள் எல்லோரும் டச்சுக்காரர்கள் அல்லர். பசி தாங்காமல் தன்னையும் பிள்ளையையும் விற்றுக்கொண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் இன்று அலை அழகாகத்தான் அடிக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 'ரத்தம் சிந்தாத மண் எங்கே இருக்கிறது? இப்படிப் பார்த்தால் உலகத்தில் ஒரு கல்யாணமும் நடக்க முடியாதே!' உண்மைதான். துயரம் நடந்த இடத்தில் மங்கள காரியமே கூடாது என்பது என் கட்சியல்ல. அழுத இடத்தில் சிரிப்பும் வர வேண்டும். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு கல்யாணத்தைப் பேசி முடிக்கிறவர்கள் நாம். எனக்கு உள்ள வருத்தம் வேறு. ஓரிடத்தை நாம் இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று, நாடக மேடையின் பின்னால் தொங்குகிற திரையாக. மற்றொன்று, நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிற சாட்சியாக. திரையில் மலை எழுதியிருந்தாலும் அரண்மனை எழுதியிருந்தாலும் அதற்கு நம்மைப் பற்றிக் கவலையில்லை. நமக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. நாடகம் முடிந்ததும் சுருட்டிவிடுவோம். சாட்சி அப்படியல்ல. சாட்சிக்கு நம்மைத் தெரியும், நாம் யார் என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். அது யார் என்று நாமும் தெரிந்துகொண்டாக வேண்டும். கிளேவரின் எலும்புகளுக்கு முன்னால் மோதிரம் மாற்றுகிற பெண், வெளியே உள்ள சதுக்கம் என்னவாயிருந்தது என்று அறிந்து நின்றால் அந்த இடம் அவளுக்குச் சாட்சி. அறியாமல் நின்றால் திரை.

கல்யாணத்துக்குச் சாட்சி எதற்கு, இரண்டு மனம் ஒப்பினால் போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். மனம் ஒப்புவதுதான் கல்யாணம். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மனம் மறக்கக்கூடியது. அதிலும் தனக்குச் சௌகரியமானபடி மறக்கக்கூடியது. காளிதாசனின் சகுந்தலையை நினைத்துப் பாருங்கள். அவள் கல்யாணம் நடந்த இடத்தைவிட அழகான இடம் இலக்கியத்தில் உண்டா? தபோவனம், மான்குட்டி, மல்லிகைக் கொடி. ஆனால் அரசனுடைய சபையில் அவள் போய் நின்றபோது அந்த வனத்திலிருந்து அவளுக்காக வந்து பேச ஒரு கொடிக்கும் வாயில்லை. இருந்த ஒரே அத்தாட்சி மோதிரம். அதையும் ஆறு வாங்கிக்கொண்டது. குறுந்தொகையில் கபிலர் காட்டும் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். அவன் வாக்குக் கொடுத்த நேரத்தில் ஆற்றங்கரையில் ஒரு நாரைதான் நின்றிருந்தது. அதுவும் தண்ணீரில் வரும் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இல்லையென்று சொல்லிவிட்டால் அவள் என்ன செய்வாள்? அழகான ஆற்றங்கரை, அழகான நாரை. சாட்சிதான் இல்லை.

இதற்கு மறுபக்கத்தையும் நம்மவர்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். திருவிளையாடற் புராணத்தில் வருகிற கதை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் ஒருவரின் மகளை மதுரையில் இருக்கும் மருமகனுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். பெற்றோர் இறந்துபோக, அவன் வந்து அவளை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் புறப்படுகிறான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. வழியில் கும்பகோணத்துக்கு அருகே திருப்புறம்பியத்தில் இரவு தங்குகிறார்கள். அங்கே பாம்பு கடித்து அவன் இறந்துவிட, திருஞானசம்பந்தர் அருளால் உயிர் பெறுகிறான். சம்பந்தர் சொன்னபடி அங்கேயே கல்யாணம் நடக்கிறது. சுற்றத்தார் யாருமில்லை. இருந்தவை ஒரு வன்னி மரம், ஒரு கிணறு, ஒரு சிவலிங்கம். பின்னால் மதுரையில் மூத்தவள், 'உன் கல்யாணத்துக்குச் சாட்சி யார்?' என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். 'வன்னியும் கிணறும் லிங்கமும்' என்று இளையவள் சொல்ல, 'அவை இங்கே வந்து சொல்லட்டுமே!' என்று சிரிக்கிறாள். இவள் அழுது வேண்ட, மூன்றும் மதுரைக்கே வந்து நிற்கின்றன. மதுரைக் கோயிலில் இன்றும் அவற்றைக் காட்டுகிறார்கள். திருப்புறம்பியத்துச் சுவாமிக்குச் சாட்சிநாதர் என்றே பெயர். வன்னி மரம் சாட்சி சொன்ன செய்தி சிலப்பதிகாரத்திலேயே கண்ணகியின் வாயில் வருகிறது. கதை அவ்வளவு பழையது.

இந்தக் கதையை நான் பல முறை யோசித்திருக்கிறேன். அந்தக் கல்யாணத்துக்கு யாரும் இடம் தேடவில்லை. பெண்ணின் ஊரும் இல்லை, பிள்ளையின் ஊரும் இல்லை, நடுவழி. அந்த நடுவழியும் அமைதியான பூந்தோட்டமாகச் சரித்திரத்தில் பெயர் வாங்கியதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவரும் பாண்டியரும் மோதிய பெரும்போர் இதே திருப்புறம்பியத்தில்தான் நடந்தது. பல்லவர் பக்கம் நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி அங்கேதான் விழுந்தான். ஆக, சாட்சியாக நிற்பதற்கு ஓரிடம் மாசு மறுவில்லாமல் இருக்க வேண்டியதில்லை. அழைத்தால் வர வேண்டும், அவ்வளவே.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது என்பது வேடிக்கை. 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் பதிவாளர் அலுவலகத்திலோ, அதிலிருந்து நியாயமான தூரத்தில் மணமக்கள் விரும்புகிற வேறிடத்திலோ கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம் என்கிறது. இடத்தில் தாராளம் காட்டுகிற அதே சட்டம், சாட்சிகள் மூன்று பேர் என்பதில் கறாராக இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அண்ணாதுரை முதலமைச்சராயிருந்தபோது 1967-ல் இயற்றப்பட்ட சுயமரியாதைத் திருமணத் திருத்தம் புரோகிதர் தேவையில்லை என்றது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் இருக்க வேண்டும் என்றது. 2023-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதற்கு ஊரறியப் பறைசாற்ற வேண்டிய அவசியமில்லை என்று தெளிவுபடுத்தியது. எதிர்ப்புக்கு அஞ்சி மணக்கிறவர்களைக் கூட்டம் கூட்டு என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் அல்லவா? சாட்சி வேறு, கூட்டம் வேறு. ஆயிரம் பேர் சாப்பிட்டுப் போன கல்யாணத்தில் ஒரு சாட்சிகூட இல்லாமல் போவதும் உண்டு.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். மேலே நான் சொன்ன திண்டிவனத்துப் பையனும் சங்கரன்கோவில் பெண்ணும் வெறும் உதாரணங்கள் அல்லர். இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். இரண்டு வருஷப் பழக்கம். ஜாதி வேறு. பையன், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்களைச் சேர்ந்தவன். பெண் வீட்டில் கடும் எதிர்ப்பு. அவள் தங்கியிருந்த விடுதி எங்கள் தெருவில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள்.

கல்யாணம் என்று தீர்மானமாகிவிட்டது. எங்கே என்பதுதான் விவகாரம். அவன் ஊரில் செய்தால் அவள் பக்கத்தார் வம்புக்கு வருவார்கள். அவள் ஊரை நினைக்கவே வேண்டாம். கூட வேலை பார்க்கும் நண்பர்கள் பணம் போட்டு மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் சின்னதாக ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்களாம். பெண்ணுக்குப் பெருமாள் கோயிலில்தான் நடக்க வேண்டும் என்று ஆசை. பையன் தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"சார், எங்க தாத்தா காலத்துல எங்காளுங்க கோயிலுக்குள்ள போனதில்ல. சாமி தெருவுக்கு வந்தா தூரமா நின்னு கும்பிடுவாங்க. எங்கப்பா இப்பவும் பெரிய கோயில்னா வாசல்லயே நின்னுடுவாரு. அவரை உள்ள கூட்டிட்டுப் போயி நிக்க வெச்சு நான் தாலி கட்டுனா, அது அவருக்குச் சந்தோஷமா, தண்டனையா? எனக்குத் தெரியல சார்."

"மாமா உள்ள வந்து நிக்கணும்னுதான் நான் கேக்கேன்" என்றாள் அவள்.

இரண்டும் நியாயமான பேச்சு. அவன் சொன்னது சரித்திரம். மதுரையில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனது 1939 ஜூலையில். சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். அந்த ஆண்டுக்கு முன் பிறந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நாம் 'புராதனம்' என்று கைகூப்புகிற கல் மண்டபங்களில் பெரும்பாலானவற்றின் வயதில், எல்லோருக்கும் கதவு திறந்த காலம் ஒரு சிறு துண்டு. கார்த்தஹேனாவின் சதுக்கத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் நம் பிராகாரங்களுக்கும் பொருந்தும். அவள் சொன்னதும் சரித்திரம்தான். இனிமேல் எழுத வேண்டிய சரித்திரம். அந்த மண்டபத்தை விட்டு விலகிப் போனால் அது பழைய ஆட்களிடமே இருந்துவிடும் என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் யாருடைய கூச்சத்தின் மேல் அதை எழுதுவது? பிள்ளையின் கல்யாணத்தன்று தகப்பன் நிமிர்ந்து நிற்பதா, நெளிந்து நிற்பதா? இதற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. "அவரையே கேட்டுவிடுங்களேன்" என்றேன்.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர் வந்தார். கோயிலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கூடமா குகையா, வாடகை எவ்வளவு, எத்தனை பேர் நிற்கலாம் என்றும் கேட்கவில்லை. மகனைப் பார்த்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அங்க நம்மள தெரிஞ்சவங்க யாருனா இருக்காங்களா?"

நான் இத்தனை பக்கம் எழுதிச் சொல்ல முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டார். மாமல்லபுரத்து விடுதியில் யாருக்கும் இவர்களைத் தெரியாது. பணம் கட்டியவரின் பெயர் மட்டும் ஏட்டில் இருக்கும். கோயில் தெருவில் அப்படியல்ல. பூக்கடைக்காரம்மாவுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் வாங்குகிறவள். மெஸ் நடத்தும் அக்காவுக்குப் பையனைத் தெரியும்; இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் அவனுக்கு என்று இரண்டு தோசை கூடுதலாக ஊற்றி வைப்பாள். கம்பெனி பஸ் ஓட்டுநருக்கு இருவரையும் தெரியும்; அவர்கள் பேசத் தொடங்கியதே அந்த பஸ்ஸில்தான். "இருக்காங்கப்பா" என்றான் பையன். "அப்ப அங்கயே வெச்சுக்க" என்றார்.

வயதுச் சான்று, முகவரிச் சான்று, முதல் கல்யாணம் என்பதற்கான சான்று எல்லாம் சேர்த்து ஒரு வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. தகப்பனார் உள்ளே வந்து, ஒரு தூணருகே கைகட்டி நின்றார். மருமகள் போய் அவர் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தாள். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷமா சங்கடமா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் இருந்தன. பிறகு பதிவு அலுவலகத்தில் நானும் ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்துப் பெண்ணின் தாய்மாமன் இரண்டு ஆட்களோடு வந்தார். ஜோடி அன்று வேலைக்குப் போயிருந்தது. பெண்ணை யாரோ மயக்கி வைத்திருக்கிறான், கல்யாணம் என்பதெல்லாம் கட்டுக்கதை என்று ஊரில் பேச்சாம். கைபேசியில் இருந்த கல்யாணப் படத்தை யாரோ காட்டினார்கள். "படத்துல யாரும் யாரு பக்கத்துலயும் நிக்கலாம்" என்று அவர் தள்ளிவிட்டார். அவர் கண்ணுக்கு அது வெறும் திரை. அப்போது பூக்கடைக்காரம்மா எழுந்து வந்தாள்.

"மாலை கட்டிக் குடுத்தது நானு. பொண்ணு கழுத்துல தாலி ஏறினப்ப அட்சதை போட்டதும் நானு. அவங்கப்பன் ஸ்தானத்துல யாரும் இல்லையேன்னு என் வூட்டுக்காரரைத்தான் நிக்க வெச்சேன். இன்னா கேக்கணுமோ என்னைக் கேளு."

மெஸ் அக்கா, பஸ் ஓட்டுநர் என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. மாமன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "புள்ள நல்லாயிருக்காளா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இன்றுவரை பெண்ணின் பெற்றோர் வரவில்லை. ஆனால் கட்டுக்கதை என்ற பேச்சு அன்றோடு நின்றுவிட்டது.

ஒப்பந்தம் முடிந்து அந்தப் பையன் இப்போது ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். இந்தத் தொழிற்சாலை ஊர்களின் வாழ்க்கை அப்படி. சாட்சிகளும் கலைந்து போகக்கூடியவர்கள்தாம். பஸ் ஓட்டுநர் இந்தத் தடத்தில் இல்லை. அதனால்தான் கூடிய மட்டும் நிலைத்து நிற்கிறவர்களையும், நிலைத்து நிற்கிற ஒன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் போலும். பூக்கடை இருக்கிறது. குன்றும் இருக்கிறது.

கல்யாணத்துக்கு இடம் தேடுகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரையோ, கோட்டையோ, கோயிலோ, ரிஜிஸ்தர் ஆபீசோ, எதுவானாலும் சரி. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த இடத்துக்குள் நம்முடைய மனிதர்கள் எல்லோரும், ஏழை உறவினரும் எட்ட நின்றவரும்கூட, தலைநிமிர்ந்து வர முடியுமா? இங்கே நமக்கு முன்னால் யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று நமக்குத் தெரியுமா? நாளைக்கு ஒரு சண்டை, ஒரு சந்தேகம், ஒரு வழக்கு என்று வந்தால் இங்கிருந்து நமக்காகப் பேச ஒருவராவது எழுந்து வருவாரா? பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் இந்தப் பதினோராவது பொருத்தத்தையும் பார்த்து வைத்தால் நல்லது. ஜாதகம் பார்க்கிறவரிடம் போக வேண்டியதில்லை. அந்தத் தெருவில் பூ விற்கிறவரைக் கேட்டால் போதும்.